வாடகை வீட்டில் முதல் எட்டாயிரம் ரூபாய்: சுவருக்கா, துணிக்கா, விளக்குக்கா?

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் கோயம்புத்தூர்ப் பெண் போன மாதம் கேட்டாள்: “அக்கா, கையில எட்டாயிரம் இருக்கு. வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறந்தா ஆஸ்பத்திரி வார்டுக்குள்ள போற மாதிரி இருக்கு. ஒரு சுவருக்காவது கலர் அடிக்கட்டுமா, இல்ல கர்ட்டன் வாங்கட்டுமா?” அடுத்த வாரம் கொழிஞ்சாம்பாறையில் ஆசிரியராக இருக்கும் தம்பி ஒருவர் வந்தார். பழைய சாமான் கடையில் ஒரு பலாமரப் பெஞ்சைப் பார்த்திருக்கிறார். அதை வாங்குவதா, அதே காசில் வீடு முழுக்கத் திரையும் விளக்கும் போடுவதா என்று அவருக்கு ஒரே தவிப்பு. குமுளியிலிருந்து ஒரு அம்மா செடிகளைப் பற்றிக் கேட்டிருந்தார். மூன்று பேருடைய குழப்பமும் ஒன்றுதான். நமக்குச் சொந்தமில்லாத வீட்டில், கையிலிருக்கும் கொஞ்சப் பணத்தை எதில் போட்டால் மனசு அந்த வீட்டோடு ஒட்டும்?

ஒன்பது வருஷத்தில் நாங்கள் நான்கு வாடகை வீடு மாறிவிட்டோம். பாலக்காடு நகரத்துக்குள் இரண்டு, பாலக்காட்டுச் சித்தூரில் ஒன்று, இப்போது வாளையார் பக்கம். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொன்றில் பணம் போட்டோம். அதில் எது எங்களோடு வண்டியேறியது, எது அங்கேயே தங்கிவிட்டது என்று தெரிந்துகொண்ட பிறகு எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது நான்கு விஷயம்.

முதலாவது, வீடு மாறும்போது அது கூட வருமா? நம் பக்கம் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் பதினொரு மாதத்துக்குத்தான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்பதால் அதற்குள் நிறுத்திக்கொள்கிறார்கள். ஐந்து வருஷம் புதுப்பித்துக்கொண்டே போகிறவர்களும் உண்டு. வீட்டுக்காரர் மகன் கல்ஃபிலிருந்து திரும்புகிறான் என்று எட்டாம் மாதமே காலி செய்கிறவர்களும் உண்டு. எந்தச் செலவையும் பதினொன்றால் வகுத்துப் பாருங்கள். மாதத்துக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, அட்வான்ஸ் முழுதாகத் திரும்பி வருமா? ஆணி ஓட்டை, பெயின்ட் கறை, பசை பிய்த்த இடம் எல்லாம் காலி செய்யும் அன்றைக்குக் கணக்கில் ஏறும்.

மூன்றாவது, இந்த ஊர்க் காற்றையும் மழையையும் அது தாங்குமா? பாலக்காட்டுக் கணவாய்க்குள் இருக்கிறோம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேற்கிலிருந்து ஈரம். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று தூசியை அள்ளிக்கொண்டு வரும். ஏப்ரலில் வெயில் 40 டிகிரியை ஒட்டிப் போகும். அதிலும் வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழை மறைவுப் பகுதி என்பதால் சுவர் காய்ந்தே இருக்கும். மேற்கே போகப் போக ஈரம் கூடும். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே ஒரு வீட்டுக்குச் சொன்ன யோசனை இன்னொரு வீட்டுக்குப் பொருந்தாது.

நான்காவதுதான் எனக்கு முக்கியம். சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை அது என்ன செய்கிறது? வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் கண் விழித்து உட்காருவது அந்த மூன்று மணி நேரம்தான். பகல் பதினொரு மணிக்கு வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் பார்க்க ஆள் கிடையாது.

## சுவர்

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது சுவர் என்பதால் அதை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று தோன்றுகிறது.

கணக்கைப் பார்ப்போம். பத்தடி உயரம், பத்தடி நீளம் உள்ள ஒரு சுவர் நூறு சதுர அடி. ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 50 முதல் 70 சதுர அடி வரை வரும், ஆகவே இரண்டு லிட்டர் வேண்டும். இதுவரை பெரிய செலவில்லை. ஆனால் பழைய சுவரில் டிஸ்டெம்பர் இருந்தால் அதைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்த பிறகுதான் எமல்ஷன் பிடிக்கும். ரோலர், பிரஷ், தரைக்கு விரிக்கப் பழைய சாக்கு எல்லாம் சேரும். ஆள் வைத்தால் கேரளத்துக் கூலி தமிழ்நாட்டைவிட அதிகம். பெயின்ட் டப்பாவின் விலையைப் போல இரண்டு மடங்காவது மொத்தத்தில் ஆகிவிடும். அப்புறம் காலி செய்யும்போது மறுபடி வெள்ளையாக்கித் தர வேண்டும். அழுத்தமான நிறத்தை வெள்ளையால் மறைக்க இரண்டு கோட் போதாது.

எங்கள் முதல் வீட்டில் கூடத்துச் சுவர் ஒன்றுக்குக் கடுகு மஞ்சள் அடித்தோம். நானும் அவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அடித்தது. மே மாதம் முழுக்க அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தேன். ஜூலைக் கடைசியில் கீழ் இரண்டடியில் உப்பு பூத்தது. தரை ஈரம் செங்கல்லின் நுண்துளை வழியாக மேலேறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் காய்ந்ததும் உப்பு படிகமாகிப் பெயின்ட்டை உள்ளிருந்து தள்ளிவிடுகிறது. மேலே எத்தனை கோட் அடித்தாலும் அது நிற்காது. அஸ்திவாரத்தில் செய்ய வேண்டிய வேலை அது, வாடகைக்கு இருப்பவர் செய்யக்கூடியது இல்லை. காலி செய்தபோது அந்தச் சுவருக்கென்று அட்வான்ஸில் 3,500 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். பணம் போனதைவிட, அந்தச் சுவரின் ஓரத்தில் மகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தோம், அதை விட்டுவிட்டு வந்தது இன்னும் வலிக்கிறது. இப்போது அவள் உயரத்தைக் குறிப்பது ஒரு நீளமான பலாப்பலகையில். கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறோம்.

சுவரில் ஒட்டும் ஸ்டிக்கர் காகிதத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். டிஸ்டெம்பர் சுவரில் ஒட்டினால் உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும். ஈரச் சுவரில் அதுவே சுருண்டு விழுந்துவிடும். ஸ்டீல் பீரோ, பிரிட்ஜ், அலமாரிக் கதவு ஆகியவற்றில் ஒட்டுங்கள், நன்றாக நிற்கும். பசைக் கொக்கிகளுக்கும் இதே கதைதான். டைல்ஸ், கண்ணாடி, வார்னிஷ் அடித்த மரம் சரி, சுண்ணாம்புச் சுவர் வேண்டாம். ஆணியைப் பற்றிச் சித்தூர் வீட்டுச் சேச்சி சாவி தரும்போதே சொல்லிவிட்டார்: “ஆணி மட்டும் அடிக்க வேண்டாம், கேட்டோ.” வெட்டுக்கல்லில் கட்டிய பழைய வீடுகளில் ஆணி அடித்தால் ஒரு கை அளவுக்குப் பூச்சே பெயர்ந்து வரும், ஆகவே அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. படங்களை அலமாரி மேலேயோ ஸ்லாப்பிலோ சாய்த்து வையுங்கள். மாட்டுவதைவிடச் சாய்த்து வைத்த படம் எனக்கு நெருக்கமாகத் தெரிகிறது.

சுவரில் பணம் போடுவது சரியாகும் நேரமும் இருக்கிறது. மூன்று வருஷத்துக்குக் குறையாமல் இருப்பீர்கள் என்று உறுதி, வீடு மாடியிலோ காய்ந்த கிழக்குப் பக்கத்திலோ இருக்கிறது, வீட்டுக்காரர் நிறத்துக்கு ஒப்புக்கொண்டு அதை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதித் தருகிறார் என்றால் அடியுங்கள். இன்னும் நல்லது, சாவி வாங்கும் முன்பே வீட்டுக்காரரை வெள்ளையடித்துத் தரச் சொல்வது. முன்பணம் கைமாறிய பிறகு கேட்டால் நடக்காது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் குடியிருப்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாத வரை, சுவருக்கு வெள்ளையடிப்பது அதன்படி வீட்டுக்காரர் பொறுப்பு. இந்தப் பக்கம் அந்தச் சட்டம் செல்லாது, எழுதி வாங்கியதுதான் பேச்சு.

## துணி

துணியைப் பொறுத்தவரை எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இரண்டு கை நிறையச் சரக்கு. கிழக்கே கரூர், சென்னிமலை, பவானி. மேற்கே பாரதப்புழையைத் தாண்டினால் நெசவாளர் ஊரான குத்தாம்புள்ளி. பாய்க்குத் தெற்கே பத்தமடை, இங்கே திருச்சூர் மாவட்டத்துக் கிள்ளிமங்கலம், இரண்டும் கோரைதான். ஓணத்துக்கு முன்னால் கேரளக் கைத்தறிக் கூட்டுறவுக் கடையான ஹான்டெக்ஸில் தள்ளுபடி, தீபாவளிக்கு முன்னால் கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடி. இந்த வசதி சென்னைக்காரர்களுக்கும் இல்லை, கொச்சிக்காரர்களுக்கும் இல்லை.

திரையில் ஆரம்பிக்கலாம். தைத்து வைத்த திரைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர். பளபளப்பாக இருக்கும், காற்றை அடைக்கும். நான் செய்வது வேறு. ஒரு நாலு முழக் கைத்தறி வேட்டி ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம், 50 அங்குல அகலம். அதைப் படுக்கை வசமாகப் பிடித்தால் கரை கீழே வரும். மேல் விளிம்பை மடித்துக் கம்பி நுழையத் தைத்தால், நாலடி அகல ஜன்னலுக்குக் கொசுவம் வைத்த மாதிரி நிறைவாக நிற்கும். ஜன்னல் உயரமாக இருந்தால் மேலே ஒரு சாண் திறந்திருக்கும். இருக்கட்டும், காற்று வர வேண்டாமா? காலை வெயில் வேட்டி வழியாக வரும்போது அறை பால் நிறத்தில் இருக்கும். அப்பாவின் பழைய வேட்டி இருந்தால் புதிது வாங்காதீர்கள். சித்தூர் வீட்டுப் படுக்கையறையில் தொங்கியது என் மாமனாரின் வேட்டி. அவர் போன பிறகும் அந்தக் கரை தினமும் கண்ணில் படுவது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

தொங்கவிடுவதற்கு ஓட்டை தேவையில்லை. ஜன்னல் சட்டத்துக்குள் திருகி இறுக்கும் கம்பி முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மரச் சட்டம் என்பதால் அனுமதி கேட்டுச் சின்ன கொக்கி திருகி, ஸ்பிரிங் கம்பி கட்டினால் ஐம்பது ரூபாயில் முடிந்துவிடும்.

தரைக்கு ஒரு பவானி ஜமுக்காளம். வாடகை வீட்டுத் தரை நம் விருப்பம் கேட்டுப் போட்டது இல்லை. ஊதா நிற டைல்ஸாக இருந்தாலும் ஆறடிக்கு நாலடி ஜமுக்காளம் விரித்ததும் கண் அங்கே போய்விடும், உட்காரவும் இடம் கிடைத்துவிடும். சுவரோரம் இரண்டு இலவம்பஞ்சுத் திண்டு, பழைய பட்டுப்புடவையில் உறை. பாட்டியின் கிழிந்த புடவையை என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியில் வைத்திருப்பவர்கள் பலர். முந்தானை மட்டும் நன்றாக இருந்தால் இரண்டு உறைக்குப் போதும்.

இதில் மறைந்திருக்கும் செலவையும் சொல்ல வேண்டும். தையல் கூலி துணி விலையில் பாதி வரை வரலாம், முன்கூட்டியே கேளுங்கள். பருத்தி சுருங்கும், ஆகவே ஒரு தரம் நனைத்து உலர்த்திய பிறகு அளவெடுத்துத் தையுங்கள். ஜமுக்காளத்தின் முதல் இரண்டு சலவையில் சாயம் போகும், தனியாக நனையுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரியது ஆடி மழை. தடித்த திரை துவைத்தால் மூன்று நாள் காயாது, நான்காம் நாள் வாடை அடிக்கும். மெல்லிய பருத்தி மின்விசிறிக்குக் கீழே ஒரு ராத்திரியில் காய்ந்துவிடும். கோரைப் பாயில் பூஞ்சை பிடிக்காமலிருக்க மழைக் காலத்தில் சுருட்டி நிமிர்த்தி வைக்க வேண்டும். தைக் காற்றில் தூசி படியும் என்பதால் திரையை மாதம் ஒரு முறை உதறியே ஆக வேண்டும்.

வேட்டித் திரை தோற்கும் இடம் ஒன்று இருக்கிறது. மேற்கு பார்த்த ஜன்னல், ஏப்ரல் மாத மூன்று மணி வெயில். அதற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடுவதுதான் சரி. கண்ணாடிக்கு வெளியிலேயே வெயிலைத் தடுத்துவிட்டால் சூடு உள்ளே வராது. உள்ளே எவ்வளவு தடித்த திரை போட்டாலும் சூடு கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டிருக்கும். தட்டிக்கு வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும்.

## விளக்கு

செலவுக்கு ஏற்ற பலன் என்று பார்த்தால் இதற்குத்தான் முதலிடம். ஆனால் யாருமே முதலில் இதைக் கேட்பதில்லை.

கஞ்சிக்கோட்டுப் பெண் சொன்ன ஆஸ்பத்திரி வார்டு அவள் சுவரில் இல்லை, டியூப் லைட்டில் இருக்கிறது. வாடகை வீடுகளில் கூடத்துக்கு ஒரு வெள்ளை டியூப், சுவரின் உச்சியில். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற எண்ணால் சொல்கிறார்கள். அதன் ஒளி 6500 கெல்வின், நடுப்பகல் வானத்தின் நிறம். மேலிருந்து எல்லா மூலையிலும் ஒரே சீராக அடிப்பதால் நிழலே இருக்காது. பெயின்ட்டின் கறையிலிருந்து மூலையில் குவித்த பெட்டி வரை எல்லாம் ஒரே அளவில் தெரியும். அதே அறையில் 2700 அல்லது 3000 கெல்வின் பல்பை, உட்கார்ந்தால் தோள் உயரத்துக்கு வரும்படி இரண்டு இடத்தில் வைத்து, டியூபை அணைத்துப் பாருங்கள். சுவரின் அழுக்கு இருட்டுக்குள் போய்விடும், நீங்கள் உட்காரும் இடம் மட்டும் வெளிச்சத்துக்குள் வரும். பெட்டியில் ‘வார்ம் வைட்’ என்று அச்சிட்டிருக்கும், பக்கத்திலேயே கெல்வின் எண்ணும் இருக்கும். எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

ஒன்பது வாட் எல்.ஈ.டி. பல்பு ஒன்றுக்கு நூறு ரூபாயை ஒட்டி. பிளக்கில் செருகும் ஹோல்டரோ சாதாரண மேஜை விளக்கோ முந்நூறிலிருந்து எழுநூறு வரை. பல்பு வாங்கும்போது ஹோல்டர் பின் வகையா, திருகும் வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரத்துக்குக் கணக்குப் போட்டேன். ஒன்பது வாட் பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதப் பில்லில் 2.7 யூனிட் வருகிறது. மூன்று பல்பு என்றால் எட்டு யூனிட்டைச் சுற்றி. டியூபை அணைத்து வைப்பதில் பாதிக்கு மேல் ஈடாகிவிடும்.

இந்தப் பக்கத்துக்கென்று ஒரு லாபமும் உண்டு. முதல் மழை பெய்த ராத்திரி ஈசல் வீட்டுக்குள் கொட்டுவது நமக்குத் தெரியும். நீலம் கலந்த வெள்ளை ஒளிக்கு வருகிற அளவுக்குப் பூச்சிகள் மஞ்சள் ஒளிக்கு வருவதில்லை. வாசல் விளக்கையும் மஞ்சளாக மாற்றிய வருஷம், காலையில் கூட்ட வேண்டிய இறக்கை எங்கள் வீட்டில் பாதியாகிவிட்டது.

குறைகளும் உண்டு. பிளக் பாயின்ட் நாம் உட்காரும் மூலையில் இருக்காது, எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுக்க வேண்டும். அதைச் சுவரோரமாகவே கொண்டு போங்கள், குழந்தை தடுக்கி விழாத மாதிரி. அந்த ஒயரிலேயே இஸ்திரிப் பெட்டியைச் செருகாதீர்கள். துலா மாதத்து (ஐப்பசி) இடி சாயங்காலம்தான் வரும், அப்போது பிளக்கைப் பிடுங்கி வைக்க வேண்டும். இடி வந்தால் கரண்டும் போகும் என்பதால், பேட்டரி உள்ள எமர்ஜென்சி பல்பில் ஒன்று வார்ம் நிறத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. மலிவான கலர் சீரியல் பட்டைகளை நான் சொல்ல மாட்டேன். அடாப்டர் சீக்கிரம் போய்விடுகிறது, தூக்கிப் போட மனமில்லாமல் பெட்டியில் சேர்கிறது.

சமையலறையிலும் பிள்ளை எழுதும் மேஜையிலும் வெள்ளை ஒளியே இருக்கட்டும். அரிசியில் கல் பொறுக்க மஞ்சள் வெளிச்சம் உதவாது. இருட்டான நீள வீடு, கல்பாத்தி மாதிரி பழைய கிராமத்து வரிசை வீடு, பக்கச் சுவரில் ஜன்னலே இல்லாதது என்றால், விளக்குக்கு ஒதுக்கும் பணத்தை இரட்டிப்பாக்குங்கள். அந்த வீடுகளில் பகலிலும் அதன் வேலை இருக்கும்.

## பழைய மரச்சாமான்

எட்டாயிரத்தில் புதிதாக வாங்கக் கிடைப்பது மரத்தூள் பலகையில் செய்தது. நம் ஊர் ஈரத்தில் அது இரண்டு மழைக்குள் விளிம்பு உப்பிவிடும், ஒருமுறை கழற்றிப் பூட்டினால் திருகு பிடிக்காது. அதே காசுக்குப் பழைய வீடு இடித்த மரத்தில் செய்த பலா பெஞ்சோ, பிரம்பு நாற்காலியோ கிடைத்தால் யோசிக்காமல் அந்தப் பக்கம் போகலாம். பலாமரம் வருஷம் போகப் போகச் சிவந்து மெருகேறும்.

வாங்கும்போது கவிழ்த்துப் பாருங்கள். ஊசித் துளையும் அடியில் மாவு மாதிரித் தூளும் இருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், நல்ல மரத்துக்கும் அது பரவும். கால் நடுவில் தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வந்தால் கரையான். ரப்பர் மரம் என்றால் மருந்தேற்றியதா என்று கேளுங்கள்.

மறைவான செலவு வண்டியில் இருக்கிறது. கடையிலிருந்து வீட்டுக்கு ஒரு குட்டியானை (சின்ன சரக்கு வண்டி), அப்புறம் ஒவ்வொரு வீட்டு மாற்றத்துக்கும் மறுபடி. ஏற்று இறக்குக் கூலியை முன்னாலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். வேலை செய்யாமலே கேட்கும் நோக்குகூலியைக் கேரள அரசு 2018இல் ஒழித்துவிட்டது, அதைக் கொடுக்க வேண்டியதில்லை. மாடிப்படி குறுகலா என்று அளந்த பிறகுதான் கட்டில், அலமாரி எல்லாம். முட்டி வலிக்கும் அம்மா அப்பா வந்து போகும் வீடென்றால் ஜமுக்காளமும் திண்டும் அவர்களுக்கு உதவாது. அங்கே ஒரு நல்ல நாற்காலிதான் முதல் செலவு, விளக்குக்கும் முன்னால்.

## செடி

மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை இரண்டும் உள்ளறையில் பிழைக்கும். பக்கத்து வீட்டில் ஒரு கிளை கேட்டால் மணி பிளான்ட்டுக்குக் காசே வேண்டாம். கனமான மண் தொட்டிக்குப் பதில் தென்னை நார்க்கழிவு கலந்து சின்ன தொட்டியில் வைத்தால் தூக்க எளிது, பொள்ளாச்சிப் பக்கம் அது தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் பொங்கலுக்கோ ஓணத்துக்கோ ஒரு வாரம் ஊருக்குப் போனால் யார் தண்ணீர் ஊற்றுவது? கணவாய்க் காற்றில் தொட்டி இரண்டே நாளில் காய்ந்துவிடும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நின்றால் டெங்குக் கொசு முட்டையிட்டு, ஏழு எட்டு நாளில் பறக்க ஆரம்பிக்கும். வாரம் ஒரு முறை தட்டைக் கவிழ்த்துத் தேய்க்க முடியாதவர்கள் தட்டே வைக்காதீர்கள். சாயங்காலத்தில் செடி தனியாக ஒன்றும் செய்யாது. விளக்கின் பக்கத்தில் வைத்தால் அதன் நிழல் சுவரில் விழும், அதுதான் அழகு.

## ஒரு பார்வையில்

| எதில் | ஆரம்பச் செலவு (தோராயம்) | கூட வருமா | அட்வான்ஸுக்கு ஆபத்து | மழையும் காற்றும் | சாயங்காலத்தில் |
|---|---|---|---|---|---|
| ஒரு சுவர் பெயின்ட் | 1,500–4,000, திரும்ப வெள்ளையடிக்கத் தனி | வராது | அதிகம் | ஈரச் சுவரில் தாங்காது | டியூப் இருக்கும் வரை குறைவு |
| துணி, பாய் | 2,500–4,000 | முழுதும் வரும், ஜன்னல் அளவு மாறலாம் | இல்லை | மெல்லிய பருத்தி தாங்கும் | நல்லது |
| விளக்கு | 1,000–2,000 | முழுதும் வரும் | இல்லை | இடிக்குக் கவனம் | மிக நல்லது |
| பழைய மரச்சாமான் | 3,000–8,000, வண்டி தனி | வரும், செலவோடு | இல்லை | நல்ல மரம் தாங்கும் | உட்கார ஆள் இருந்தால் நல்லது |
| செடி | 0–600 | பாதி வரும் | தரைக் கறை | காற்றில் வாடும் | விளக்கோடு சேர்ந்தால் |

விலைகள் பாலக்காடு, கோயம்புத்தூர்க் கடைகளில் நான் வாங்கிய அனுபவத்தில் சொல்வது, ஊருக்கு ஊர் முன்பின் இருக்கும்.

பட்டியலில் வராத ஒன்று கோலம். அரிசி மாவு ஒரு பிடி, ஐந்து நிமிடம். வாளையார் வீட்டுக்கு வந்த முதல் நாள், சாமான் எதையும் பிரிக்கும் முன் வாசலில் நாலு புள்ளிக் கோலம் போட்டேன். எதிர்வீட்டுச் சேச்சி நின்று பார்த்துவிட்டுப் பெயர் கேட்டார். அந்தத் தெருவில் எங்களுக்குக் கிடைத்த முதல் பேச்சு அது.

## மூன்று பேருக்கும் சொன்னது

கஞ்சிக்கோட்டுப் பெண்ணுக்கு: சுவரை விட்டுவிடு. முதல் சம்பள வாரத்திலேயே விளக்குக்கு 2,000. கூடத்தில் இரண்டு, படுக்கைக்குப் பக்கத்தில் ஒன்று, எமர்ஜென்சி ஒன்று. துணிக்கு 3,500. அதில் திரைக்கு 2,000, மீதியில் ஜமுக்காளமும் பாயும். செடிக்கு 400. மிச்சம் 2,100ஐ இரண்டு மாதம் தொடாதே. அந்த வீட்டில் வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும், உனக்குத் தேவை புத்தகம் வைக்க ஒரு பலகையா, மேற்கு ஜன்னலுக்கு ஒரு தட்டியா என்று. ஒரு வாரம் கழித்துப் பேசினாள். விளக்கு மட்டும் மாற்றியிருக்கிறாள், திரை இன்னும் தையல்காரரிடம். இப்போதெல்லாம் சாப்பாட்டுத் தட்டோடு கட்டிலுக்குப் போகாமல் கூடத்திலேயே உட்கார்கிறாளாம்.

ஆசிரியர் தம்பிக்கு: பெஞ்சை வாங்குங்கள். உங்கள் வீடு காய்ந்த பக்கத்தில் இருக்கிறது, வேலை நிரந்தரம், மாதம் ஒரு முறை பெற்றோர் வருகிறார்கள். மாவு கொட்டவில்லை என்றால் அந்தப் பலாமரம் உங்கள் பிள்ளைகள் காலம் வரை நிற்கும். எண்ணூறு ரூபாய் மட்டும் எடுத்து வைத்து, பெஞ்சின் இரண்டு முனைக்கும் இரண்டு மஞ்சள் விளக்கு போட்டுவிடுங்கள். திரைக்கு அம்மாவின் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

குமுளி அம்மாவுக்கு: உங்கள் மலைக்காற்றில் செடி எங்களைவிட நன்றாக வரும், ஆகவே ஆசைப்பட்டதை வையுங்கள். ஆனால் வராந்தாவில் வையுங்கள், உள்ளே ஏற்கனவே ஈரம் அதிகம். துணியில் தடித்த திரையைத் தவிருங்கள், அங்கே அது காயவே காயாது. ஜமுக்காளத்துக்குப் பதில் கயிற்றுப் பாய் விரியுங்கள், மேலே ஒரு கம்பளி.

புது வீட்டில் பல்புகளை மாற்றும்போது, வீட்டுக்காரர் போட்டிருந்த பழைய பல்பு, திரைக் கொக்கி, கழற்றிய திருகு எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, எந்த அறையுடையது என்று சீட்டு எழுதிப் பரணில் வையுங்கள். உள்ளே நுழைந்த அன்றைக்கே ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளில் அந்த டப்பாவை இறக்கி எல்லாவற்றையும் பழையபடி மாட்டினால் அரை மணி நேர வேலை. அதை முடித்த பிறகு அவரை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.